பல்கலைக்கழக இணையத்தளத்தில் என் மாணவி



கிள்ளானில் நான் முன்பு பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறாள். திருமண வீடுகளில் உறவினர்கள் அவளுடைய தாயாரிடம், "மகள் அங்கே விரிவுரையாளரா?" என்று கேட்பதுண்டு. "இல்லை, கணினிப் பிரிவில் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்றிவிடுவார். மகள் இணையத்தள மேலாளர் என்பது அவருக்குத் தெரியும். அது என்ன வேலை என்பதைத்தான் அவரால் விளக்க முடியவில்லை. "நீங்களாவது சொல்லுங்கள் ஐயா, இவள் காலை முதல் மாலை வரை அங்கே என்னதான் செய்கிறாள்?" என்று ஒருமுறை என்னையே கேட்டார். எனக்கும் அப்போது தெரியாது. பள்ளி விடுமுறையில் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உயர்கல்விக்குப் பிள்ளைகளை அனுப்பக் காத்திருக்கும் பெற்றோர்க்கும், பள்ளி அறிக்கைகளைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் செய்தி உண்டு.

அவளுடைய வேலை கிள்ளான் கொமுட்டர் தொடர்வண்டியிலேயே தொடங்கிவிடுகிறது. உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கைப்பேசியை எடுத்துப் பல்கலைக்கழகத் தளத்தைத் திறக்கிறாள். மேலாளர்க்குரிய கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைவதில்லை. அந்தத் தளத்தை முன்பின் பார்த்திராத ஒருவராகத் தன்னை எண்ணிக்கொண்டு நுழைகிறாள். இன்றைக்கு ஒரு லாரி ஓட்டுநர், மகளுக்கு எஸ்.பி.எம். முடிந்துவிட்டது, கையில் பழைய கைப்பேசி, முன்கட்டண இணைய வசதி முடியும் நிலையில் இருக்கிறது. அவர் கட்டண விவரத்தைக் கண்டுபிடிக்க எத்தனை முறை தட்ட வேண்டும்? பி.டி.பி.டி.என். கடனுதவி பற்றிய குறிப்பு எங்கே இருக்கிறது? விண்ணப்பப் படிவம் பாதியில் நின்றுவிட்டால் எழுதியவை அழிந்துபோகுமா? நாளைக்கு வேறொருவர். "பாடம் நடத்தும் முன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்ப்பீர்களே ஐயா, அதுபோலத்தான்" என்றாள். அப்படி நான் செய்ததை அவள் நினைவில் வைத்திருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

அலுவலகத்தில் அவளையும் சேர்த்து நால்வர். ஆயிரக்கணக்கான பக்கங்களை இந்த நால்வரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு துறையும் எழுதி அனுப்பும். இவர்கள் சரிபார்த்து ஏற்றுவார்கள். சண்டை பெரும்பாலும் முகப்புப் பக்கத்தைப் பற்றித்தான். எல்லாத் துறைத்தலைவர்களுக்கும் தம்முடைய நிகழ்ச்சி முகப்பில் வர வேண்டும். நிகழ்ச்சி முடிந்து மூன்று மாதமானாலும் படத்தை எடுக்க மனம் வராது. தேடி வருபவரோ கட்டணம், கடைசித் தேதி, தொலைபேசி எண், எந்தப் பேருந்து வரும் என்னும் நான்கைந்து செய்திகளுக்காக வருகிறார். சொல்ல விரும்புவோர்க்கும் தேடி வருவோர்க்கும் நடுவில் நிற்பதே தன் வேலை என்கிறாள். சனவரியிலும் சூலையிலும் இன்னொரு தலைவலி சேர்ந்துகொள்ளும். ஸ்பெயின் நாட்டின் ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த குழு ஒன்று, இணையத்தில் எந்த அளவுக்குக் காணப்படுகின்றன என்பதைக் கணக்கில் எடுத்து, 2004 முதல் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தி வருகிறது. வெபோமெட்ரிக்ஸ் என்பது அதன் பெயர். வரிசையில் நான்கு இடம் இறங்கினால் மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வரும். நான்கு இடம் ஏறினால் வராது!

இனி, பலரும் அறியாத ஒரு பகுதி. நாம் ஒரு பக்கத்தைத் தேடிப் போகும்போது '404' என்னும் எண் திரையில் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்ட பக்கம் இங்கே இல்லை என்று பொருள். '301' என்று ஓர் எண்ணும் உண்டு. அது நம் கண்ணில் படாது. 'இந்தப் பக்கம் நிலையாக வேறு முகவரிக்குப் போய்விட்டது, அங்கே செல்' என்று கணினி கணினிக்குச் சொல்லும் செய்தி அது. வீடு மாறும்போது அஞ்சல் நிலையத்தில் புதிய முகவரியைக் கொடுத்துவிட்டுப் போவதைப் போன்றது. துறையின் பெயர் மாறினாலோ, தளத்தைப் புதிதாகக் கட்டினாலோ பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் யாரும் உடனே திட்டமாட்டார்கள். ஆனால் எங்கோ ஓர் ஆய்வு மாணவர் தம் கட்டுரையில் குறித்து வைத்த முகவரி செத்துவிடும்.

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை வலியுறுத்தி 1998ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதினார். கேட்டவர்கள் குறைவு. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் எட்டாமற்போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டுச் சொன்னது. தமிழர்க்கு இந்த இழப்பு புதிதன்று. யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீசை மூடியபோது, இலவசமாகக் கிடைத்த அந்த இடத்தில் ஆர்வலர்கள் கட்டியிருந்த எத்தனையோ தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போயின.

என் மாணவியின் மேசைக்கு இத்தகைய வழக்குகள் அடிக்கடி வருகின்றன. ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் தம் பாடக்குறிப்புகளைப் பழைய தளத்தில் வைத்திருந்தார். அவற்றில் சில தமிழில் இருந்தன, ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. "பயன்படாது, அழித்துவிடலாம்" என்றார் உடன் பணிபுரிபவர். அவருக்குத் தமிழ் தெரியாது; அவரைக் குறை சொல்ல முடியாது. இவள்தான் அது பிழையன்று, பழைய குறியாக்கம் என்று கண்டுகொண்டு, மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினாள். மூன்று மாலைகள் பிடித்தன. அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தி இல்லாமற்போயிருந்தால் அந்தக் குறிப்புகள் ஒரு விசையழுத்தத்தில் முடிந்திருக்கும்.

நிற்க. தமிழ் இணையத்துக்கு வந்த கதையிலும் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கு உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு கவிதைத் தளத்தின் வழி தமிழ் இணையத்தில் ஏறியது. அதற்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி, ஒரு தமிழாசிரியர், சிறுகதையாளர், பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1999இல் மறைந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை வழிநடத்திய முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டச்சுப் பழகாத தமிழாசிரியர் என் தலைமுறையில் குறைவு. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரிலும் 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நடந்தது. இவர்கள் எல்லாரும் பாடுபட்டது ஒன்றுக்காகத்தான்: கணினிக்குள் தமிழ் படமாக இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும். எழுத்தாக இருந்தால்தான் தேடலாம், வெட்டி ஒட்டலாம், பெரிதாக்கலாம், மொழிபெயர்க்கலாம். ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? எழுத்தை மீண்டும் படமாக்கி அனுப்புகிறோம்!

பொங்கல் வாழ்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் விளம்பரப் பிரிவு நான்கு மொழிகளில் ஒரு வாழ்த்துப் படம் செய்து அனுப்பும். வரைகலை மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ் சிதையும். 'தை'யில் தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். 'பொ'வில் கொம்பும் காலும் பகரத்தை விட்டு விலகி ஓடும். வடிவமைப்பாளர்க்கு அது தெரியாது. மலாயும் சீனமும் ஆங்கிலமும் அழகாக இருக்கின்றன, தமிழும் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துவிடுவார். கடைசிக் காவல் இவள்தான். ஒருமுறை இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து அவரை எழுப்பி அந்த அமைப்பை மாற்றச் சொல்லியிருக்கிறாள். "நாளைக் காலையில் மாற்றினால் போதாதா?" என்று அவர் கேட்டாராம். "பொங்கல் நாளைக் காலையில்தான்" என்றாளாம்.

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் நாள் அவளுக்குத் தேர்வுநாள். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் முடிவுகள் வந்தபோது மதிய உணவுக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றாள். அன்று அத்தனை குடும்பங்களும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்கும். இதற்கிடையே, கவனிப்பாரற்ற பழைய பக்கங்களில் சூதாட்ட விளம்பரங்களைத் திருட்டுத்தனமாகச் செருகுவோரும் இருக்கிறார்கள். தேடுபொறிகள் பல்கலைக்கழக முகவரிகளை நம்புகின்றன என்பதால் அந்த நம்பிக்கையைத் திருடுகிறார்கள். நம் பிள்ளை கல்விக்கடன் பற்றித் தேடி, பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்துத் தட்டி, சூதாட்டப் பக்கத்தில் போய் விழுவதை எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் பழைய பக்கங்களைத் துருவிப் பார்ப்பதும் அவள் வேலைதான்.

இவற்றையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பிரிக்பீல்ட்சில் தங்கியிருந்த இளைஞர், பார்வையற்றவர். பிரிக்பீல்ட்சை அறிந்தவர்களுக்குத் தெரியும், 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நடைபாதையில் பதித்திருக்கும் வரிக்கற்களைக் கைத்தடியால் தொட்டு நடப்போரை அங்கே எந்த நேரமும் காணலாம். அந்த இளைஞர் உளவளத்துணை படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்காணல் விவரம் இணையத்தளத்தில் இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. போய்ப் பார்த்தால், அதாவது கேட்டால், ஒன்றும் இல்லை. துறைக்கு அழைத்தார், "தளத்தில் தெளிவாக இருக்கிறதே" என்றார்கள். மூன்று மேசைகள் மாறி இவளிடம் வந்து சேர்ந்தார்.

பார்வையற்றோர் கணினியில் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கிப் படிக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். ஆனால் அது எழுத்தைத்தான் படிக்கும். படத்துக்குள் இருக்கும் சொற்களை, யாராவது பக்கத்தில் மாற்றுரை எழுதி வைத்தாலொழிய, அப்படியே படித்துக் காட்டாது. நேர்காணல் அறிவிப்பு வண்ணமயமான ஒரு சுவரொட்டி. தேதி, நேரம், அறை எண், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் படத்துக்குள். இளைஞரின் காதில் விழுந்தது படக்கோப்பின் பெயர் மட்டுமே: 'வாட்ஸ்அப் இமேஜ்', பிறகு ஒரு நீண்ட எண்.

இவள் தொலைபேசியிலேயே சுவரொட்டி முழுவதையும் படித்துக் காட்டினாள். நேர்காணலுக்கு இன்னும் இரண்டே நாள். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். கோபப்படவில்லை. "அவர் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும் ஐயா. இதெல்லாம் வழக்கம்தான் அக்கா என்றார். அந்தச் சொல்தான் தாங்கவில்லை" என்றாள்.

மறுவாரத்திலிருந்து, எழுத்து வடிவம் இல்லாமல் வரும் சுவரொட்டிகளைத் திருப்பி அனுப்பினாள். துறைகள் முணுமுணுத்தன. ஒரு துறைத்தலைவர், இணையத்தளப் பிரிவு வேண்டுமென்றே காலந்தாழ்த்துகிறது என்று அவளுடைய மேலதிகாரிக்கு எழுதிவிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய ஆண்டு அது. இதையும் கவனியுங்கள், அவள் நிலையான பணியில் இருந்துகொண்டு வீரம் பேசவில்லை. விளக்கம் கேட்டு அழைத்தார்கள். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தகவலையும் தொடர்பு நுட்பத்தையும் பெறும் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறது என்பதும், அதே ஆண்டில் வந்த அனைத்துலக இணைய அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு படங்களுக்கு மாற்றுரை வேண்டும் என்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அவற்றை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தாள். ஆனால் முதலில் எடுத்தது மடிக்கணினியை. திரையின் ஒளியை முற்றிலும் அணைத்துவிட்டு, திரைவாசிப்பானை இயக்கி, அந்தத் துறையின் பக்கத்தைப் பேசவிட்டாள். அழகுக்காக வரிசையாகப் போட்டிருந்த நட்சத்திரங்களை எல்லாம் அது ஒவ்வொன்றாக எண்ணியது. பிறகு, 'வாட்ஸ்அப் இமேஜ்'. பிறகு அந்த எண். மேலதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதை எழுத்தில் எழுத எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். "ஐந்து நிமிடம்" என்றாள். சுவரொட்டி எதுவானாலும் கீழே எழுத்து வடிவமும் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அது இன்னமும் மீறப்படுகிறது என்பது வேறு கதை. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

அந்த இளைஞர்க்கு இடம் கிடைத்தது. இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை இவள் கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்சுக்கு நடந்து போகிறாள். துன் சம்பந்தன் சாலைக்கு அருகில் ஓர் உணவகத்தில் இருவரும் உட்கார்ந்து, அந்த மாதம் மாறிய பக்கங்களைக் கேட்டுப் பார்க்கிறார்கள். ஒருமுறை நானும் போயிருந்தேன். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்; எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு வேகமாக ஓடியது அந்தக் குரல். பழகிய காதுக்கு மெதுவான வேகம் அலுப்பூட்டும் என்றார் அவர். கட்டண அட்டவணைக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அக்கா, இந்த எண் முதலாம் ஆண்டுக்கா, இரண்டாம் ஆண்டுக்கா? தலைப்பு வரிசையை அது சொல்லவில்லை." அவள் குறித்துக்கொண்டாள். பார்வையுள்ள நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு எனக்காகத் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து மெதுவான வேகத்தில் ஓடவிட்டார். உணர்ச்சியில்லாத இயந்திரக் குரல்தான். ஆனாலும் தொடர் தொடராகப் புரிந்தது. எழுத்துப்பிழை உள்ள இடத்தில் பிழையாகவே படித்தது. ஒற்று விடுபட்ட இடமும் கேட்டது! இரண்டு முறை என்னையறியாமல் திருத்தம் சொல்லிவிட்டேன். "ஐயா, அதற்குக் காது கிடையாது" என்று அவர் சிரித்தார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளின் புலனக் குழுக்களில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட அறிவிப்பும் தேர்வு அட்டவணையும் பெரும்பாலும் படமாகவே போகின்றன. கண்பார்வை மங்கிய பாட்டிகள் வளர்க்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாமல், எழுத்தை வெட்டி மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டிப் படிக்கும் பெற்றோரும் உண்டு. படத்தின் கீழே அதே செய்தியைத் தட்டச்சு செய்து போடுங்கள். அவள் சொன்ன ஐந்து நிமிடம்தான்.

பெற்றோர்க்கும் ஒன்று. இந்தப் பணிக்குக் கணினிப் படிப்பு மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். அவள் நாள்தோறும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பிறர் எழுதிய நீண்ட வாக்கியங்களை உடைத்துச் சிறிதாக்குகிறாள். தமிழை மற்றவர் யாரும் கவனிக்காத இடத்தில் கவனிக்கிறாள். கருத்துணர்தல் பகுதியில் அவள் எடுத்த புள்ளிகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அறிவியலில் அவ்வளவு இல்லை.

அவளும் அந்த இளைஞரும் அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் இசைவு தந்துவிட்டார். ஆறாம் ஆண்டு மாணவர்கள் முன்னால் திரையை அணைத்துவிட்டுக் கணினியைப் படிக்க வைக்கப்போகிறார்கள். மாணவர்களைக் கேள்விகள் எழுதித் தரச் சொன்னேன். முதலில் வந்த தாளில் ஒரே வரி இருந்தது: 'ஐயா, அந்தக் கணினி ழகரத்தைச் சரியாகச் சொல்லுமா?'